நின்று நின்று ஓடும் பழைய சாவி வாட்ச்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

சாவி கொடுத்தால் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் நிற்கிறது, லேசாகத் தட்டினால் மறுபடி ஓடுகிறது. பழைய கை வாட்ச்களில் அடிக்கடி வரும் கோளாறு இது. இப்படிப்பட்ட வாட்சில் மெயின் ஸ்பிரிங்கின் (சாவி கொடுக்கும்போது சுருளும் ஸ்பிரிங்) விசை பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) வரை முழுதாகப் போய்ச் சேராமல் வழியில் எங்கோ வீணாகிறது. அது எந்த இடம் என்பதைப் பல நேரங்களில் மூடியைத் திறக்காமலே ஊகித்துவிடலாம்.

கையால் சாவி கொடுக்கும் சாதாரண வாட்சுக்கான முறை இது. ஆட்டோமேட்டிக் வாட்சையும் ஸ்டாப்வாட்ச் வசதி உள்ளதையும் முதல் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

"சாவி அதிகமாக் கொடுத்துட்டேன், அதான் நின்னுடுச்சு" என்று பலரும் சொல்வார்கள். அது காரணமே இல்லை. முழுச் சாவியில்தான் வாட்ச் நன்றாக ஓட வேண்டும். அப்போதும் ஓடவில்லை என்றால் காய்ந்த எண்ணெய், அழுக்கு, உடைந்த பாகம் இவற்றில் ஒன்று இருக்கிறது.

படி 1: நிற்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

முழுச் சாவி கொடுத்து இரண்டு நாள் ஓட விடுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் முட்கள் எங்கே இருக்கின்றன, வாட்ச் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று எழுதுங்கள். இந்தக் குறிப்பை இப்படிப் படிக்க வேண்டும்:

- சுமார் 65 நிமிடத்துக்கு ஒருமுறை, பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டும் இடத்தில் நின்றால் இரண்டும் உரசுகின்றன.
- 6 மணி இடத்தில் சின்ன விநாடி முள் உள்ள வாட்ச், காலையும் மாலையும் 6 மணியை ஒட்டி நின்றால் மணி முள் விநாடி முள்ளில் தட்டுகிறது.
- ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் நின்றால் சென்டர் வீலையும் (நிமிட முள்ளைச் சுழற்றும் நடுச் சக்கரம்) அதோடு சுற்றும் பாகங்களையும் சந்தேகப்படுங்கள். அதே விநாடியில் நின்றால் ஃபோர்த் வீல் (விநாடி முள்ளைச் சுழற்றும் சக்கரம்).
- டயல் மேலே பார்த்தால் ஓடி, கீழே பார்த்தால் நின்றால் பேலன்ஸ் அச்சின் ஒரு முனையில் கோளாறு.
- எப்படி வைத்தாலும், எந்த நேரத்திலும் நின்றால் பெரும்பாலும் அழுக்கும் காய்ந்த எண்ணெயும்தான்.

முட்கள் உரசினால் அவற்றைச் சரிசெய்தாலே போதும். பக்கவாட்டில் பார்த்து, டயலுக்கும் மூன்று முட்களுக்கும் நடுவே ஒளி தெரியும்படி மிக மெதுவாக நிமிர்த்துங்கள்.

படி 2: காந்தம்

திடீரென்று மிக வேகமாக ஓடி, பிறகு நிற்கிற வாட்சின் ஹேர் ஸ்பிரிங் (பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய சுருள்) காந்தமேறிச் சுருள்கள் ஒட்டியிருக்கலாம். வாட்சைத் திசைகாட்டிக்கு அருகே கொண்டு போங்கள். முள் துடித்தால் காந்தநீக்கியில் வைத்துப் பட்டனை அழுத்தியபடியே வாட்சை ஒரு கை தூரத்துக்கு மெதுவாக இழுத்து, பிறகுதான் பட்டனை விடவும்.

படி 3: திறப்பதற்கு முன்

10 மடங்கு பெரிதாக்கும் ஐ கிளாஸ், 0.8 முதல் 1.6 மி.மீ. வரையான ஸ்க்ரூ டிரைவர்கள், காந்தமேறாத டுவீசர், ரப்பர் ஊதுகுழல், மூடியுள்ள சிறு டப்பாக்கள் வேண்டும். ஒவ்வொரு திருகையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1960-களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் டயல்களில் பெரும்பாலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. உதிர்கிற டயல் என்றால் வாட்சை நீங்கள் பிரிக்காமல் இருப்பதே நல்லது.

படி 4: விசையை இறக்குங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதையும் தொடாதீர்கள். சாவித் திருகை (சாவி கொடுக்கும் குமிழ்) விரலால் பிடித்து ஒரு துளி முன்னே திருப்பி, கிளிக்கைக் (ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் சிறு கொக்கி) கூர்முனையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, திருகை விரல்களுக்கிடையே மெல்ல நழுவ விடுங்கள். விசை இருக்கும்போது பேலட்டைக் (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் கவை) கழற்றினால் சக்கரங்கள் வெறிகொண்டு சுழலும். பல்லோ அச்சோ முறியும்.

படி 5: பேலன்ஸும் சக்கர வரிசையும்

பேலன்ஸை அதன் பிரிட்ஜோடு (அதை மேலிருந்து தாங்கும் தகடு) சேர்த்துத் தூக்குங்கள். ஹேர் ஸ்பிரிங் இழுபடாமல், பிரிட்ஜைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு பேலட்டையும் கழற்றுங்கள்.

இப்போது பேலன்ஸை மட்டும் திரும்ப மாட்டி ஊதுகுழலால் ஒரு சிறு காற்று விடுங்கள். நீண்ட நேரம் ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினால் நல்லது. சட்டென்று நின்றால் அச்சுமுனை வளைந்திருக்கிறது, அல்லது கல்லில் (அச்சுமுனை உட்கார்ந்து சுழலும் சிறு கல்) அழுக்கு, அல்லது ஹேர் ஸ்பிரிங் எங்கோ தொடுகிறது. இந்த முனைகள் சுமார் 0.1 மி.மீ. கனம்தான். அதிர்ச்சி தாங்கும் கல் அமைப்பு இல்லாத வாட்ச் ஒருமுறை கீழே விழுந்தாலே போதும், முனை வளைந்துவிடும்.

அடுத்து பேலன்ஸைக் கழற்றிவிட்டு, சாவித் திருகை ஒன்றிரண்டு கிளிக் மட்டும் திருப்புங்கள். சக்கரங்கள் உடனே சுழன்று, நிற்கும் கணத்தில் எஸ்கேப் வீல் (வரிசையின் கடைசிச் சக்கரம்) கொஞ்சம் பின்னோக்கித் திரும்பினால் வரிசையில் தடை இல்லை. தயங்கி நின்றால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மேலும் கீழும் மயிரிழை அளவு அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். அசையாதது எதுவோ, அங்கேதான் சிக்கல்.

படி 6: கழுவுதல்

பழைய எண்ணெய் மேல் புது எண்ணெய் விட்டால் அழுக்கு பசையாகிவிடும். முழுதாகப் பிரித்து, லைட்டர் நாப்தாவில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். தீயிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்ய வேண்டும். கல்துளைகளில் கூராக்கிய மரக்குச்சியைச் சுழற்றுங்கள். குச்சி வெள்ளையாக வெளிவரும் வரை கூர் சீவிச் சீவி மறுபடி சுழற்ற வேண்டும். பேலட்டையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடாதீர்கள். அவற்றின் கற்களை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஆல்கஹாலில் அரக்கு கரையும்.

மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தால், நல்ல நிலையில் உள்ளது விரிந்து திறந்துகொள்ளும். நீலநிறப் பழைய எஃகு ஸ்பிரிங் இறுக்கமாகச் சுருண்டே கிடந்தால் அது தளர்ந்துவிட்டது. அதே அகலம், கனம், நீளத்தில் புதியது மாற்றுங்கள்.

படி 7: மாட்டுதல், எண்ணெய்

பிரிட்ஜைத் திருகும் முன் எல்லா அச்சுமுனைகளும் கல்துளையில் உட்கார்ந்து சக்கரங்கள் சுழல்கின்றனவா என்று பாருங்கள். முனை வெளியே இருக்கும்போது திருகை இறுக்கினால் முறிந்துவிடும்.

எஸ்கேப் வீல், ஃபோர்த் வீல், பேலன்ஸ் முனைகளுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெய். சென்டர் வீல், மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பாவின் அச்சு ஆகியவற்றுக்குக் கெட்டியானது. கல்லின் குழியில் பாதி நிறைந்தால் போதும். வழிந்தால் எண்ணெய் பரவிப் போய், துளை வறண்டுவிடும். பேலட்டின் கற்களுக்குத் துளி எண்ணெய் வேண்டும். அதன் அச்சுமுனைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பேலட்டை மாட்டியதும் சில கிளிக் சாவி கொடுத்து ஊசியால் லேசாகத் தள்ளுங்கள். தானே மறுபக்கம் தாவ வேண்டும். பிறகு பேலன்ஸின் சின்னக் கல் பேலட்டின் பிளவுக்குள் விழும்படி இறக்கி, ஆடத் தொடங்கிய பிறகே திருகை இறுக்குங்கள். இறுக்கியதும் நின்றால் உடனே தளர்த்துங்கள். முனை கல்லில் இல்லை.

டயல் மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள், சாவித் திருகு கீழே பார்க்க ஒரு நாள் ஓட விடுங்கள். இன்னும் ஒரே நிலையில் மட்டும் நின்றால் பேலன்ஸ் அச்சை மாற்ற வேண்டியிருக்கும். அதற்குக் கடைசல் கருவியும் தேர்ந்த கையும் தேவை. பிரித்த பாகங்களோடு, நீங்கள் எழுதி வைத்த குறிப்பையும் வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.