எம்ஜிபி ரோட்ஸ்டரை வீட்டு கராஜில் மீட்டெடுப்பது: சில் சரியானால்தான் கார் சரியாகும்

பிரிட்டனின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி கார்கள் தயாராயின. வீட்டில் பிரித்துக் கட்ட இதைவிடத் தோதான பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது அரிது. ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. ஆகவே இந்த வேலை பாதியில் நிற்பதற்குப் பொருள் கிடைக்காதது காரணமாக இருப்பதில்லை. வரிசை தப்புவதுதான் காரணம். துருப்பிடித்த உடலின்மேல் புது எஞ்சின், புது சீட், பளபளக்கும் பெயின்ட் என்று செலவழித்துவிட்டு, கடைசியில் கதவு மூடவில்லை என்று எல்லாவற்றையும் திரும்பப் பிரிப்பார்கள்.

எம்ஜிபிக்குத் தனி சேஸ் கிடையாது. பாடிதான் சுமை தாங்குகிறது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான் காரின் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுவே நிற்கும் இடைத்தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில்போல் மடிந்திருக்கும் காசில் ரெயில் என்று நான்கு தகடுகள் சேர்ந்த அமைப்பு அது. வெளியே தெரிவது ஒன்றுதான். மற்ற மூன்றும் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கையை வைப்பதற்கு முன்

சேஸ் எண் தகட்டைப் படியுங்கள். ஜிஎச்என் என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜிஎச்டி என்றால் 1965-ல் வந்த கூரை வைத்த ஜிடி. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ஆலைப் பதிவேட்டைப் பார்த்து அந்தக் காரின் தயாரிப்புத் தேதி, அசல் நிறம், எஞ்சின் எண் ஆகியவற்றுடன் சான்றிதழ் தருகிறது. அதை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. நிறம் மட்டுமல்ல, பேட்டரி எந்தப் பக்கம் எர்த், எந்த எஞ்சின் பாகம் பொருந்தும் என்பதெல்லாம் ஆண்டைப் பொறுத்தே மாறும்.

பிறகு கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவின் பின் ஓரத்தில் மேலே இடுங்கி, கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். ஜாக்கி போடும் இடத்தில் மெதுவாகத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு பிடித்துக்கொண்டாலோ சில்லில் வலு இல்லை. காந்தத்தை சில்லின்மேல் நகர்த்தினால் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

முன்பு காரைப் பழுதுபார்த்தவர்கள் சில சமயம் பழைய துருத் தகட்டின்மேலேயே புது வெளித்தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்திருப்பார்கள். இந்த ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அசல் சில் முன் ஃபெண்டருக்கு அடியிலும் பின் ஃபெண்டருக்கு உள்ளேயும் நீண்டு போகும். கதவுத் தூண்களோடு நின்றுவிட்டால் அது போர்வைத் தகடுதான். காருக்கு அடியில் படுத்து காசில் ரெயிலின் மடிப்பு தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தட்டையாகத் தகடு அடித்து மூடியிருந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

துரு தங்கும் மற்ற இடங்கள்: முன் ஃபெண்டருக்குள் மண் சேரும் மேல்விளிம்பும் அடிப்பாகமும், தரையின் ஓரங்கள், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகள். கதவுத் தகட்டில் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே விரிசல் விடுவது இந்தக் காருக்கே உரிய குறை. ஸ்பிரிங் மாட்டும் இடம் போயிருந்தால் அது பாதுகாப்பு விஷயம், தள்ளிப்போட முடியாது.

பிரிப்பது

போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை உருண்டுவிடும். அங்குல செட் ஒன்று முதலில் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். தேய்ந்த பழைய பாகத்தையும், புதியது வந்து ஒப்பிடும்வரை எறியாதீர்கள். இப்போது கிடைக்கும் நகல் பாகங்களில் அளவு பிசகுவது சாதாரணம்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்தே மேலே வரும். தனியாக எடுக்கப் போனால் திரும்ப மாட்டும்போது கிளட்ச் தட்டை நேராக்குவதில் நேரம் போகும்.

கம்பிச் சக்கரம் உள்ள காரில் ஒரு எச்சரிக்கை. நடுவிலுள்ள பெரிய நட்டின் மரை காரின் இடப்பக்கம் வழக்கமானது, வலப்பக்கம் எதிர்த்திசை. கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையில் திருப்பினால்தான் அது கழலும். பிரித்துக் கட்டும்போது ஹப்புகளை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டால், ஓட ஓட நட் தானாகக் கழன்று சக்கரம் வெளியே வந்துவிடும். கழற்றிய அன்றே ஹப்பில் பக்கத்தைக் குறித்துவிடுங்கள்.

சில் மாற்றுவது

பேட்டரி, பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், கார்பெட் எல்லாம் வெளியே போகட்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முன்பக்க சட்டத்தடியிலும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தருகிலும் ஸ்டாண்டு வைத்து, மட்டப்பலகை பார்த்துக் காரை சமமாக நிறுத்துங்கள். நடுவில் தாங்கல் இல்லாமல் தொங்கினால், வெட்டும்போதே தொய்ந்து, அந்தத் தொய்விலேயே வெல்டிங் ஆகிவிடும்.

கதவை மாட்டி இடைவெளியை ஓரளவு சரிசெய்த பிறகே முட்டுக்கொடுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய் இரண்டை, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு மேலும் கீழுமாக, போல்ட் போட்டோ வெல்டிங் வைத்தோ கட்டுங்கள். கதவுத் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் திரும்பிப் பார்க்க அளவே இருக்காது.

முன் ஃபெண்டர் போல்ட்டில் மாட்டியது, கழற்றிவிடலாம். பின் ஃபெண்டரின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தால்தான் சில்லின் வால் தெரியும். 1 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க்கால் வெளித்தகட்டை நீளவாக்கில் வெட்டி, விளிம்பிலுள்ள ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டு உரியுங்கள். உள்ளே கருப்பு மாவாக உதிர்வதைக் கண்டு மிரளவேண்டாம். பளிச்சென்ற உலோகம் வரும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். துருவோடு சேர்த்து வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் விழும்.

கட்டும் வரிசை உள்ளிருந்து வெளியே. முதலில் உள்தகடும் தரை ஓரமும், அடுத்து காசில் ரெயில், அதன்மேல் இடைத்தகடு, கடைசியில் வெளித்தகடு. ஒவ்வொரு தகட்டையும் கிளாம்ப் போட்டு நிறுத்திக் கதவை மாட்டிப் பார்த்த பிறகே வெல்டிங். சுற்றிலும் 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி சீராக இருந்தால் போதும். ஆலையிலிருந்து வந்தபோதே அதைவிடத் துல்லியமாக இருந்ததில்லை. வெளித்தகட்டை முடிக்குமுன் முன் ஃபெண்டரையும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். இந்த ஒத்திகைகள் சலிப்பூட்டும். ஆனால் வெல்டிங் ஆனபின் 3 மில்லிமீட்டர் பிசகு தெரிந்தால், அதைப் பட்டியால் மறைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போகும்.

மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் இந்தத் தகட்டுக்குப் பொருந்தும். மேல் தகட்டின் விளிம்பில் 25 முதல் 30 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் துளை போட்டு, இரண்டு தகடும் ஒட்டும் முகங்களில் வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர் அடித்து, துளையை நிரப்பி வெல்டிங் வையுங்கள். துளைக்குள் மட்டும் பிரைமரைச் சுரண்டிவிடவேண்டும். தொடர்ந்து ஒரே பக்கமாக ஓட்டினால் சூட்டில் தகடு சுருங்கி இழுக்கும். ஒரு முனை, மறு முனை, நடு என்று தாவித் தாவி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அடுத்தது. முட்டுக்கொடுத்த குழாய்களை, வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகே கழற்றுங்கள். சில்லின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் முடிந்தபின் அவற்றின் வழியாகவே உள்ளே மெழுகு அடிக்கவேண்டும்.

பெயின்ட்

சுத்தமான தகட்டில் அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். பட்டி அதன்மேல்தான், 2 முதல் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு பாகம் கலக்கும் நவீன பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லாமல் அதை அடிப்பது நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. தேய்த்துத் தயார்செய்யும் வேலையை வீட்டில் முடித்து, கடைசிப் பூச்சை பெயின்ட் பூத் உள்ளவரிடம் கொடுப்பதே சரி.

எஞ்சின்

1798 சிசி பி-சீரீஸ் எஞ்சின் முரட்டு வார்ப்பிரும்பு. பொறுமையாக அளந்து கட்டினால் ஏமாற்றாது. 1964 அக்டோபர்வரை வந்தவற்றில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங், அதன்பின் ஐந்து. ஆர்டர் கொடுக்குமுன் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். அசல் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 80.26 மில்லிமீட்டர். சிலிண்டரின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் குறுக்காக இரு திசையிலும் அளந்து, தேய்மானம் அதிகமென்றால் லேத்தில் கொடுத்து அடுத்த ஓவர்சைஸுக்கு போரிங் செய்யுங்கள். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே போரிங்.

பிளாக்கின் பக்கவாட்டு அடைப்புத் தகடுகளைத் தட்டி எடுத்து, தண்ணீர்ப் பாதையைக் கம்பியால் குத்திக் கழுவுங்கள். நான்காம் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு கெட்டியாகப் படியும். புது ரேடியேட்டர் போட்டும் சூடு ஏறுகிறது என்ற புகாருக்கு இதுவே வழக்கமான காரணம்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றினால், அதன்மேல் உரசும் டேப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய டேப்பெட் புது கேமைச் சில நூறு கிலோமீட்டரில் தின்றுவிடும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மெயின் பேரிங் போல்ட்டின் இறுக்கம் 70 பவுண்டு-அடி. சிலிண்டர் ஹெட் நட் 45 முதல் 50 பவுண்டு-அடி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் இறுக்குங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.38 மில்லிமீட்டர். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது, எனவே ஹெட் வெளியே இருக்கும்போதே எக்சாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் பதித்துவிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச் செட்டையும் மாற்றிவிடலாம். ரிலீஸ் பேரிங் கார்பன் வளையம்தான், சிக்னலில் கிளட்சை மிதித்தே நிற்பவர்களிடம் சீக்கிரம் தேயும்.

இரட்டை எஸ்யூ கார்புரேட்டரில் பெரும்பாலும் தேய்வது காற்றைத் திறந்து மூடும் தண்டும் அதன் புஷ்ஷும். தண்டு ஆடினால் காற்று கசிந்து, எத்தனை முறை டியூன் செய்தாலும் ஐடில் நிற்காது. முதலில் புஷ், பிறகு டியூனிங். கலவையைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை 1 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தூக்குங்கள். வேகம் லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. 2021 முதல் பிரிட்டனின் பெட்ரோல் பங்க்குகளில் வழக்கமாகக் கிடைக்கும் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் ஹோஸைக் கரைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பிரேக்கும் ஒயரிங்கும்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆரம்பகாலக் கார்களில் பிரேக் ஒரே சுற்றுதான். எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் போய், ஹேண்ட் பிரேக் மட்டும் மிஞ்சும். அதனால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எந்த ஹோஸையும் விட்டுவைக்காதீர்கள். இரும்புக் குழாய்க்குப் பதில் செம்பு-நிக்கல் குழாய் போட்டால் துரு பயமில்லை. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் ஆட்டத்தையும் இப்போதே பாருங்கள், கிரீஸ் காணாமல் தேய்ந்திருப்பதே வழக்கம்.

1967 கடைசிவரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதை மறந்து ஆல்டர்னேட்டரோ மின்னணு இக்னிஷனோ மாட்டினால் அந்த நொடியே கருகும். ஒயரின் நிறத்தைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது: கருப்பு எர்த், பழுப்பு எப்போதும் பேட்டரியோடு, வெள்ளை சாவி போட்டபின், பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக, ஊதா ஃபியூஸ் வழியாக எப்போதும். மின்கோளாறு என்று வருவதில் பெரும்பகுதி எர்த் சரியில்லாததுதான். புது பெயின்ட் அடித்த காரில் எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டால் எதுவும் வேலை செய்யாது.

முதல் ஸ்டார்ட்

சுமார் 4.25 லிட்டர் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள், பழைய கார்களுக்கென்றே வரும் துத்தநாகம் உள்ள ஆயிலாக இருக்கட்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் தெரியும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிரஷர் வராமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தீப்பொறி வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். புது கேம் போட்டிருந்தால் பிடித்ததும் ஐடிலில் விடாமல், நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். சூடான எஞ்சினில், ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 பிஎஸ்ஐ இருக்கவேண்டும்.

40 வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் கட்டி முடித்த காரைக் கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள். பிரேக் ரோலரில் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா என்பதை வீட்டில் அளக்க முடியாது. முதல் 800 கிலோமீட்டருக்குப் பின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் நட்டைக் குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்கி, அதன்பின் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஹெட் இறங்கினால் இடைவெளியும் மாறியிருக்கும்.