ஒரே காற்றில் நாற்பது வைஃபை: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு தளத்துக்குப் பன்னிரண்டு வீடுகள். கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் நாற்பது பெயர்களாவது வரும். இரவு எட்டு மணிக்கு மேல் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். "தம்பி, லைன் மறுபடி சுத்திக்கிட்டே இருக்கு, கொஞ்சம் வந்து பாரேன்." போய்ப் பார்த்தால் ஃபைபர் வழியாக ரௌட்டர் வரை வரும் வேகத்தில் ஒரு குறையும் இருக்காது. ரௌட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள காற்றில்தான் நெரிசல். அந்த நெரிசலில் பாதியை நாமே உண்டாக்குகிறோம் என்பதைச் சில வருடங்களாகப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று நாம் சொல்லும் அலைக்கற்றையின் மொத்த அகலம் ஏறக்குறைய 83 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் வைஃபை, புளூடூத், ஸ்மார்ட் பல்புகள் பேசும் ஜிக்பீ, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாமே அடங்க வேண்டும். தனி உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால், அதில் வைஃபையின் ஒழுங்கைக் காப்பாற்றுவது ஒரே ஒரு பழக்கம்: பேசும் முன் காது கொடுத்துக் கேட்பது. யாராவது பேசினால் பொறுத்திருந்து, அமைதியானதும் இன்னும் ஒரு சின்ன இடைவெளி விட்டுப் பேசுவது. கைப்பேசி வலையமைப்புகளும் 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபையோடு இடம் பகிர வந்தபோது, எல்டிஇ என்னும் 4ஜி தரத்தின் 13ஆம் வெளியீட்டில் இதே பழக்கத்தைத்தான் சேர்த்தார்கள். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்தக் கேட்கும் பழக்கத்தைத் தெரியாமல் கெடுப்பவை.

முதலில் சேனல் எண், அதாவது அந்த அலைக்கற்றைக்குள் ரௌட்டர் எந்த இடத்தில் பேசுகிறது என்று காட்டும் எண். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "1, 6, 11 மூன்றிலும் கூட்டம், 3 காலியாக இருக்கிறது" என்று 3ஐப் பிடிப்பவர்கள் நிறைய. சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வருகின்றன. ஒரு வலையமைப்புக்கோ ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 1, 6, 11 மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழாத தூரத்தில் இருக்கின்றன. 3இல் உட்கார்ந்தவரோ 1இல் இருப்பவர் மேலும் 6இல் இருப்பவர் மேலும் ஓரளவு சாய்கிறார்.

ஒரே சேனலில் நெருங்கி இருப்பதைவிட இது மோசம் என்றால் பலர் நம்புவதில்லை. காரணம் இதுதான். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரௌட்டர்களுக்கு ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியும். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் வரும் அறிமுகக் குறியை மைனஸ் 82 டிபிஎம் (அலையின் வலிமையை அளக்கும் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) அளவு மெலிதாக வந்தாலும் படித்து, இவர் பேசுகிறார் என்று காத்திருக்கும். ஓரளவு ஒட்டிய சேனலில் அந்தக் குறியைப் படிக்க முடியாது. அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். வெறும் இரைச்சலுக்காக ரௌட்டர் வாயை மூட வேண்டுமென்றால், அது மைனஸ் 62 டிபிஎம் அளவுக்கு உரக்க இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு. அந்த நூறு மடங்கு இடைவெளிக்குள் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவர் செய்தியும் சிதைந்து, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மாமாக் கடையில் ஒரே மேசையில் இருப்பவர்கள் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் பேசுவார்கள். பின்மேசைச் சத்தத்துக்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, குரலைத்தான் உயர்த்துவார்கள். கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11இல் ஒன்றை எடுங்கள். வரிசையில் நிற்பது மோதிக்கொள்வதைவிட வேகம்.

2.4இல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்குவதும் இதே கதைதான். 83இல் 40ஐ ஒரு வீடே எடுத்துக்கொண்டால் மற்ற பதினொரு வீடுகள் எங்கே போவது? 20இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அடுத்தது சக்தி. வேகம் குறைந்ததும் ரௌட்டரின் சக்தியை முழுதாகத் திருப்பிவிடுகிறோம், இல்லையென்றால் நீளமான ஆன்டெனா வாங்கிப் பொருத்துகிறோம். கைப்பேசியில் கோடுகள் எல்லாம் நிறையும். ஆனால் பேச்சு இரண்டு பக்கமும் நடக்க வேண்டும் அல்லவா? ரௌட்டரின் சக்தி ஏறினாலும் கைப்பேசியின் சக்தி ஏறவில்லை. அடுத்த அறையிலிருந்து அது சொல்லும் பதில் ரௌட்டரை ஒழுங்காக எட்டாமல் போகலாம். இன்னொரு பக்கம், நமது ரௌட்டரின் குரல் இரண்டு தளம் தள்ளியும் கேட்பதால் அங்கே இருப்பவர்களும் நமக்காகக் காத்திருக்க வேண்டி வரும். நம் வீட்டுச் சுவருக்கு அப்பால் போகும் ஒவ்வொரு டெசிபலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இணைய வகுப்பிலிருந்து எடுத்த நேரம் என்றுதான் நான் நினைக்கிறேன். சிறிய வீடுகளில் சக்தியை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். மூலையறைக்கு எட்டவில்லை என்றால், கம்பி இழுத்து அங்கே இன்னொரு சிறிய கருவி வையுங்கள். கம்பி இல்லாமல் அதே சேனலில் இயங்கும் ரிப்பீட்டர் ஒவ்வொரு செய்தியையும் காற்றில் இரண்டு முறை சொல்கிறது. நெரிசல் கூடத்தான் செய்யும்.

வைஃபை பெயர்களைப் பெருக்குவதும் ஒரு தவறு. விருந்தினருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, சிசிடிவிக்கு ஒன்று என்று ஒரே ரௌட்டரில் நான்கு பெயர் வைத்திருந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு பெயரும் வினாடிக்குப் பத்து முறை "நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கிறது. பழைய 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அந்த அறிவிப்பு ஒன்றுக்கு இரண்டரை மில்லிவினாடி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெயருக்கே காற்று நேரத்தில் இரண்டரை விழுக்காடு போகிறது. ஒரே சேனலில் பத்துப் பெயர் கேட்டால் கால்பங்கு நேரம், யாரும் ஒரு வரிகூடப் படிக்காமலே, கரைந்துவிடும். தேவையில்லாத பெயர்களை எடுத்துவிடுங்கள். 802.11பி என்னும் பழைய வைஃபை தரத்தில் இயங்கும் கருவி வீட்டில் இல்லையென்றால் மிகக் குறைந்த வேகங்களையும் அணைத்துவிடலாம்.

வைஃபை அல்லாத அண்டை அயலாரும் உண்டு. ஜிக்பீ பல்புகள் அடிக்கடி துண்டிக்கப்பட்டால் அவற்றின் சேனலை 25க்கு மாற்றிப் பாருங்கள். அது வைஃபை 11இன் ஓரத்துக்கு வெளியே இருக்கிறது. ஜிக்பீ டாங்கிளை, அதாவது பல்புகளோடு பேசக் கணினியில் சொருகும் சிறு கருவியை, யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் சொருகாதீர்கள், அந்தத் துளையே 2.4இல் இரைச்சல் எழுப்பும். ஒரு நீட்டிப்புக் கம்பி போதும். புளூடூத் தானாகவே இடம் மாறி மாறித் தாவி, நெரிசலான இடங்களைத் தவிர்த்துக்கொள்ளும். அதனால் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு: ரௌட்டரில் நாட்டின் பெயரை மாற்றுவது. "வேறு நாட்டை வைத்தால் இன்னும் நிறைய சேனல் திறக்கும்" என்று நண்பர்கள் சொல்லித் தருகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதியில் ரேடார்கள் இயங்குகின்றன. அங்கே வைஃபை இருக்க வேண்டுமானால், ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ரேடார் கேட்டால் பத்து வினாடிக்குள் விலக வேண்டும், அரை மணி நேரத்துக்குத் திரும்பக்கூடாது. நாட்டின் பெயரை மாற்றினால் இந்தக் காவல் சில இடங்களில் அணைந்துபோகலாம். 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரில் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகளின் குறுக்கீடு விழுந்தது அமெரிக்க அரசின் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. சாயங்கால இடிமழைக்குப் பழகிய ஊர் நம்முடையது; திடீர் வெள்ளம் நமக்குச் செய்தி அல்ல, அனுபவம். மழை எங்கே திரள்கிறது என்று பார்க்கும் கண்ணில் நாம் மண்ணைத் தூவக்கூடாது. ரேடார் சேனல்களைப் பயன்படுத்தலாம், ஆனால் ரௌட்டரில் நாடு மலேசியா என்றே இருக்கட்டும்.

அதே காரணத்துக்காகத்தான் கைப்பேசி அலையைப் பெருக்கும் அனுமதியில்லாத பூஸ்டரையும் வேண்டாம் என்கிறேன். மலிவான பூஸ்டர் உங்கள் குரலோடு இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் எல்லோருடைய அழைப்பும் கெடும். மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி இது குற்றமும்கூட. வாங்கும் முன் மலேசியத் தரச் சான்று அமைப்பான சிரிமின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கோயில், கல்யாண மண்டபங்களில் இருக்கும் பழைய கம்பியில்லா மைக்குகளையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். 2019இல் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்ற பிறகு, 700 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்த அலைவரிசையில் இயங்கும் மைக் இன்று கைப்பேசிகளோடு மோதும்.

சரி, எங்கள் தளத்தில் என்ன செய்தோம் என்றால், மின்தூக்கி அருகே ஒரு தாளை ஒட்டினோம். வீட்டு எண்ணுக்கு நேராக 1, 6 அல்லது 11. அடுத்தடுத்த வீடுகளுக்கு வேறு வேறு எண். கைப்பேசி, மடிக்கணினி எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு. முடிந்தவர்கள் 6 கிகாஹெர்ட்ஸுக்கு. மலேசியாவில் 5925 முதல் 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் திறந்திருக்கிறது, கான்கிரீட் சுவரை அது எளிதில் தாண்டாது, அதுவே நமக்கு நல்லது. 2.4 பல்புக்கும் கேமராவுக்கும் மட்டும். தொலைக்காட்சிக்குக் கம்பி. எதிர்வீட்டு அக்கா வீட்டுக்கு 11 வந்தது. அவர் தொலைக்காட்சிக்கு நானே எட்டு மீட்டர் கம்பி இழுத்து, சுவரோரமாக ஆணி அடித்துக் கொடுத்தேன்.