தலைப்பிரசவத்துக்குத் தயாராகும் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தின் பையைப் பிரித்தால் பெரும்பாலும் இவை இருக்கும்: பூப்போட்ட சட்டைகள், தொப்பி, கையுறை, காலுறை, பவுடர், கொசுவலைப் படுக்கை, ஒரு பால் பாட்டில், கூடவே ஒரு பால் பவுடர் டின். முதல் மூன்று நாள் பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இருக்காது. போன மாதம் வந்த வீட்டார் செய்த அதே தவறை இந்த மாதம் வருகிறவர்களும் செய்வார்கள். சில வருடம் முன்பு அதே வார்டில் பிள்ளை பெற்று அதே பாடுபட்ட அக்காவே பக்கத்தில் நின்று தங்கைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார்.

சத்தாகச் சாப்பிடுங்கள், செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். இங்கே பேசப்போவது, பாசத்தோடு செய்வதாலேயே யாரும் தடுக்காமல் விட்டுவிடும் தவறுகளை.

வளையல் அளவு

வளைகாப்பு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ நடக்கும். அதற்குள் கைகள் கொஞ்சம் உப்பியிருக்கும். கடைக்குப் போகிறவர்களோ கல்யாணத்துக்குப் போட்ட அளவையே கேட்டு வாங்கி வருவார்கள். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்று கடையில் சொல்வதில் இரண்டாவது எண் அங்குலத்தின் பதினாறில் இத்தனை பங்கு என்று பொருள். ரெண்டு ஆறுக்கும் ரெண்டு எட்டுக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர்தான். அது போதாமல்தான் சோப்பு போட்டு ஏற்றித் தோல் சிராய்கிறது. வழக்கமான அளவுக்கு அடுத்த அளவை வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன்பு வளையல்களைக் கழற்றச் சொல்வார்கள். கழலாத கண்ணாடி வளையலை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வளையல் ஏறவில்லை என்பதைச் சிரித்துக் கடந்துவிடவும் வேண்டாம். கையும் முகமும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண்மங்கலோ சேர்ந்திருந்தால், விசேஷத்தை நிறுத்தியாவது அன்றைக்கே ரத்த அழுத்தம் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நல்ல நேரம் பத்தரைக்கு என்பதற்காகக் காலை ஆகாரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஐந்து வகைக் கலவை சாதமும் தயாராக இருக்க, சந்தனம் பூசி முடியும்வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்து மயங்கி விழும் பெண்கள் உண்டு. முதலில் அவருக்கு இட்லியைக் கொடுங்கள். தாழ்வான மணையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பதைவிடக் கை வைத்த நாற்காலி நல்லது. மணையைக் காலுக்கடியில் போடலாம்.

பீரோவில் இருந்த பழந்துணி

பிள்ளை பிறக்குமுன் புதுசு எதுவும் வாங்கக் கூடாது என்ற வழக்கம் கெட்டதில்லை. பலமுறை துவைத்துப் பழகிய பருத்தி வேட்டியைப்போல மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. இரண்டு அடிச் சதுரமாக 20 முதல் 24 துண்டுகள் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு எட்டாம் மாதமே பையில் வைத்துவிடுங்கள். இதில் ‘வாங்குவது’ எதுவும் இல்லை.

தவறு நடப்பது வேறு இடத்தில். அந்த வேட்டி பல மாதமாகப் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்திருக்கும். எடுத்து அப்படியே பிள்ளையைச் சுற்றிவிடுவார்கள். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் துணி வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு உண்டென்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பிள்ளைத்துணி இருக்கும் அறையிலேயே அந்த உருண்டை வேண்டாம்.

தைத்த சட்டை ஆறு போதும். இரண்டு மாதத்துக்குள் பத்தாமல் போய்விடும்.

சேனையில் தொடங்கி டின்னில் முடிவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. ஒரு குடும்பத்துக்கு இதைவிட அதிகச் செலவும் மனவேதனையும் வைக்கும் தவறு வேறொன்றில்லை.

அடிக்கடி நடப்பதை வரிசையாகச் சொன்னால் இப்படி. பிள்ளை பிறந்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அன்று பகல் முழுக்கப் பிள்ளை தூங்கும், எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாம் நாள் இரவு விழித்துக்கொண்டு விடாமல் அழும். மார்பில் வைத்தால் பத்து நிமிடம் சப்பும், எடுத்தால் அழும். “பால் பத்தல, பிள்ளை பசியில துடிக்குது” என்று ஒரு குரல் எழும். தையல் வலியோடு கிடக்கும் தாய் எதுவும் சொல்ல முடியாமல் அழுவார். பையில்தான் டின் தயாராக இருக்கிறதே. 30 மில்லி கலக்கிப் பாட்டிலில் கொடுப்பார்கள். பிள்ளை நான்கு மணி நேரம் தூங்கும். “பாத்தியா, பசிதான்” என்பார்கள்.

அந்த நான்கு மணி நேரத்தில்தான் எல்லாம் கெடுகிறது. முதல் நாள் தாய்க்குச் சுரப்பது சீம்பால். ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான். இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30 மில்லி. ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்று நினைத்துப் பாருங்கள். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான பிள்ளைக்கு அவ்வளவுதான் தேவை. நஞ்சுக்கொடி பிரிந்து வெளியேறியதும் தாயின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்கும்; அதன்பிறகுதான் பால் பெருகும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். இரண்டாம் இரவு பிள்ளை விடாமல் சப்புவது அந்தச் சுரப்பைத் தூண்டத்தான். அந்த நேரத்தில் டின்பாலைக் கொடுத்துத் தூங்கவைத்தால் மார்பு காலியாவதில்லை. காலியாகாத மார்பு குறைவாகவே சுரக்கும். நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும், காம்பு தட்டையாகிப் பிள்ளையால் கவ்வ முடியாது. பாட்டிலில் பழகிய வாய்க்கு அது இன்னும் கஷ்டம். மறுபடியும் டின். வீட்டுக்குப் போகும்போது தாய் சொல்வார்: “எனக்குப் பாலே இல்லை.” பால் இருந்தது. சுரக்க விடவில்லை.

செலவையும் கணக்கிடுங்கள். ஒரு மாதப் பிள்ளைக்கு நாளைக்கு சுமார் 750 மில்லி என்றால், 30 மில்லிக்கு ஒரு கரண்டி வீதம் 25 கரண்டி, கிட்டத்தட்ட 110 கிராம் பவுடர். 400 கிராம் டின் நான்கு நாள்கூட வராது. மாதத்துக்கு எட்டு டின். கட்டுப்படியாகாமல் தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள், பிள்ளை இளைக்கும். பாட்டிலைச் சரியாகக் கொதிக்கவைக்காவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு.

இதற்கான தயாரிப்பு ஒன்பதாம் மாதத்திலேயே நடக்க வேண்டும், அதுவும் தாயோடு மட்டுமல்ல. இரவில் பக்கத்தில் இருக்கப்போகும் அம்மா, மாமியார் இருவரிடமும் மேலே உள்ள மில்லி கணக்கைச் சொல்லுங்கள். எண்ணைக் கேட்டவர்கள் இரண்டாம் இரவில் பதறமாட்டார்கள். சேனை வைக்க நினைக்கும் தாத்தாவிடம், பிள்ளையை முதன்முதலாகத் தாயின் மார்பில் கிடத்தும் உரிமையைக் கொடுங்கள். அவர் மனம் நோகாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும், சிசேரியனிலும் அதற்கு முயற்சி செய்யலாம் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே பேசிவையுங்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழிப்போடுதான் இருப்பார்; பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, இரவிலும். வாய் அகலத் திறந்து, மோவாய் மார்பில் பட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழ்ப்பக்கம் அதிகம் மறைந்திருந்தால் சரியாகக் கவ்வியிருக்கிறது. காம்பை மட்டும் சப்பினால் வெடிக்கும். பிள்ளை கவ்வாவிட்டால் கையால் பீய்ச்சலாம்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்புக்கு 2, 3 சென்டிமீட்டர் பின்னால் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கிவிட வேண்டும். தோலில் தேய்க்கக் கூடாது. சொட்டுச் சொட்டாக வருவதைப் பாலாடையில், அதாவது கொதிநீரில் போட்டெடுத்த மூக்குள்ள சிறு கிண்ணத்தில், பிடித்து, பிள்ளையைச் சற்று நிமிர்த்தி, உதட்டில் வைத்து மெதுவாகப் புகட்டலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த அந்தப் பாலாடையைக் குறைமாதப் பிள்ளைகளின் வார்டுகளிலும் பயன்படுத்துகிறார்கள். பாட்டிலைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பத்துகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், சிறுநீரை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து ஆறு முறைக்கு மேல். கருப்பாகப் போன மலம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்து இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலோ மருத்துவர் டின்பால் எழுதிக்கொடுக்கலாம். அப்போது தயங்க வேண்டாம். அவர் சொன்ன அளவில், பாலாடையில் கொடுங்கள். முன்கூட்டியே வாங்கிப் பையில் வைப்பதுதான் தவறு. பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதையும் தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படியிருக்க, வளைகாப்புக்கு வருகிறவர்கள் அதைப் பரிசாகக் கொண்டுவர வேண்டாம்.

தேன்

ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்துகள் பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும்.

கழுதைப்பால்

வேண்டாம்.

தொப்புள்கொடி

விபூதி, மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் வைக்காதீர்கள். காயவிட்டால் 5 முதல் 15 நாளில் தானே விழும். சுற்றிலும் சிவந்தாலோ நாற்றம் அடித்தாலோ அன்றே காட்டுங்கள்.

முதல் குளியல்

24 மணி நேரம் பொறுங்கள். மேலே வெள்ளையாக ஒட்டியிருப்பது அழுக்கல்ல; தோலுக்குப் பாதுகாப்பு. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குப் போகும். வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பதும் சாம்பிராணிப் புகையில் பிள்ளையைக் காட்டுவதும் ஆபத்துதான்.

நெகட்டிவ் ரத்த வகை

தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பு பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைக் கர்ப்பத்தின் 28ஆம் வாரம் போட வேண்டும். பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. மருத்துவமனையில் இருப்பு உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அம்மா வீட்டுக்குப் போகும்போது விட்டுப்போகும் காகிதங்கள்

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்க பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டிவரும். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்கள்தான் இதைத் தவறவிடுவார்கள். பகுதி சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, மொத்தம் 18,000 ரூபாய் பெறவும் அந்தப் பதிவு வேண்டும்.

பிள்ளை பிறந்த ஊரில்தான் பிறப்பும் பதிவாகும், புகுந்த ஊரில் அல்ல. 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. பெயரை ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு. 1.10.2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் என்ற அந்த ஒரு தாள்தான். மருத்துவமனையில் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோதான். அவசரத்தில் தகப்பன் இனிஷியலை முன்னால் போடுவார்கள், ஆதாரில் பின்னால் இருக்கும். தாய் தகப்பன் இருவர் பெயரையும் ஆதாரில் உள்ள அதே எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு தாளில் பெரிதாக எழுதி, பிக்மி எண்ணையும் வீட்டு முகவரியையும் அதிலேயே சேர்த்து, பழந்துணிப் பையின் வெளிப்பக்கத்து ஜிப்பில் வையுங்கள்.