பிரீமியம் கிரெடிட் கார்டு: எந்த நிலை உங்களுக்குக் கட்டுப்படியாகும்?

விமான நிலைய லவுஞ்ச் (ஓய்வறை), கோல்ஃப், ஹோட்டல் சலுகை என்று நீளும் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். எச்டிஎஃப்சி வங்கியின் ரெகாலியா கோல்டு, அதற்கு மேல் நிலையில் இருக்கும் டைனர்ஸ் கிளப் பிளாக் மெட்டல் இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுவோம். வங்கிகள் விதிகளை அடிக்கடி மாற்றும். விண்ணப்பிக்கும் முன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்து மொத்தச் செலவைக் கூட்டுங்கள். வாடகை, பெட்ரோல், வாலட்டில் ஏற்றிய பணம், ஈஎம்ஐ ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். இவற்றுக்குப் பொதுவாக ரிவார்டு பாயிண்ட் (செலவுக்கு வங்கி தரும் வெகுமதிப் புள்ளி) கிடைக்காது. மிச்சம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: ஆண்டுக் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேருங்கள். கோல்டுக்கு 2,500 என்பது 2,950 ஆகும். பிளாக்குக்கு 10,000 என்பது 11,800. வருடத்துக்கு 4 லட்சம் செலவு செய்தால் கோல்டின் புதுப்பிப்புக் கட்டணம் தள்ளுபடி. பிளாக்குக்கு அந்த வரம்பு 8 லட்சம்.

படி 3: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 150 ரூபாய்க்குக் கோல்டில் 4 பாயிண்ட், பிளாக்கில் 5. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் எச்டிஎஃப்சியின் ஸ்மார்ட்பை தளத்தில் பாயிண்டைக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கும்போது கோல்டு பாயிண்ட் ஒன்றுக்கு 50 காசு, பிளாக் பாயிண்டுக்கு 1 ரூபாய். ஆக, கோல்டில் 100 ரூபாய்க்கு 1.33 ரூபாய் திரும்ப வருகிறது, பிளாக்கில் 3.33. அதே பாயிண்டைப் பணமாக மாற்றி கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் கோல்டுக்கு 20 காசு, பிளாக்குக்கு 30 காசுதான். விமானத்தில் அதிகம் போகாதவருக்கு மேல் நிலைக் கார்டு வேண்டவே வேண்டாம் என்பேன்.

படி 4: இப்போது கழித்துப் பாருங்கள். 4 லட்சத்துக்குக் கோல்டில் ஏறக்குறைய 5,330 ரூபாய் மதிப்பு, கட்டணம் இல்லை. பிளாக்கில் 13,330 வந்தாலும் 11,800 கட்டணம் போக 1,530 தான் கையில் நிற்கும். கீழ் நிலைதான் லாபம். செலவு 8 லட்சம் ஆனால் கதையே வேறு: கோல்டில் 10,660, பிளாக்கில் 26,660, இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

படி 5: இலக்குப் பரிசுகளை நம்பிக் கூட்டாதீர்கள். கோல்டில் காலாண்டுக்கு 1.5 லட்சம் செலவழித்தால் 1,500 ரூபாய் வவுச்சர் உண்டு. ஆனால் வருடத்துக்கு 4 லட்சத்தைச் சீராகச் செலவழிப்பவருக்குக் காலாண்டுக்கு 1 லட்சம்தான் வரும், வவுச்சர் வராது. லவுஞ்சுக்கு, கார்டு இல்லாவிட்டால் கைக்காசு எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அந்தத் தொகையை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று: பில்லை முழுதாகக் கட்ட முடியாத மாதங்கள் வரும் என்றால் இந்தக் கணக்கே செல்லாது. மாதாமாதம் ஏறும் வட்டி எல்லாப் பாயிண்டையும் விழுங்கிவிடும்.

படி 6: கட்டணம் விழுவதற்கு முந்தைய மாதம் இதையே திரும்பப் போட்டுப் பாருங்கள். லாபம் இல்லையா? பாயிண்டைச் செலவழித்து, பாக்கியைக் கட்டிவிட்டுக் கார்டை மூடச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும்.