அமெரிக்கக் காலேஜ் சாக்கர் அணியில் இடம் பிடிப்பது எப்படி? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் படியிலிருந்து

2024 டிசம்பர் 16. நார்த் கரோலைனா மாநிலத்தின் கேரி நகரில் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கால்பந்தின் இறுதி ஆட்டம். வெர்மான்ட், மார்ஷல் பல்கலைக்கழக அணிகள் 1-1 என்று நின்றபோது, கூடுதல் நேரத்தில் மாக்சிமிலியன் கிஸ்ஸல் என்ற ஜெர்மானியர் பந்தை வலைக்குள் அனுப்பினார். வெர்மான்ட் சாம்பியன். அந்த கிஸ்ஸல் அமெரிக்காவில் முதலில் போய்ச் சேர்ந்தது வெர்மான்ட்டில் அல்ல, பென்சில்வேனியாவில் ஸ்லிப்பரி ராக் என்ற, ஒரு தட்டு கீழே இரண்டாம் டிவிஷனில் ஆடும் பல்கலைக்கழகத்தில். எதிரே நின்ற மார்ஷலும் இப்படி வெளிநாட்டு வீரர்களால் வளர்ந்த அணிதான். 2020ஆம் ஆண்டுக்கான கோப்பையை, கோவிட் காரணமாகத் தள்ளிப்போய் 2021 மே மாதம் நடந்த இறுதியாட்டத்தில், இங்கிலாந்துப் பையன் ஜமில் ராபர்ட்ஸ் அடித்த ஒற்றைக் கோலில் வென்றது.

என் அக்கா மகனுக்காக மூன்று வருடம் இந்த வேலையாகவே இருந்தேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்கும் உட்கார்ந்து மெயில் எழுதியிருக்கிறேன். அதில் எனக்குப் புரிந்தது இதுதான்: கோச் தன் அணியில் காலியாகப் போகும் ஓர் இடத்துக்கு ஆள் தேடுகிறார். அந்த இடம் எங்கே, எப்போது காலியாகிறது என்று கண்டுபிடித்து, காகிதங்கள் கையில் தயாராக அவர் முன்னால் போய் நிற்பது நம் வேலை. திறமையுள்ள பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்தத் தேடலிலும் காகிதத்திலும்தான்.

படி 1: எத்தனை கதவுகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பில் மூன்று டிவிஷன்கள். முதல் இரண்டில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு. மூன்றாவதில் கிடையாது, ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் உதவி தருவார்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் முதல் டிவிஷனில் ஆடினாலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. இதற்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்று தனி அமைப்பு இருக்கிறது, அதன் அணிகளில் வெளிநாட்டு வீரர்கள் நிறைய. இரண்டு வருடக் கல்லூரிகளுக்கு என்.ஜே.சி.ஏ.ஏ. அங்கே இரண்டு வருடம் ஆடிப் படித்துவிட்டு நான்கு வருடக் கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம்.

முதல் டிவிஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். 2025-26 முதல், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்தை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் ஓர் அணிக்கு 28 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு ஆண்கள் அணிக்கு 9.9, பெண்கள் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம் என்று இருந்த வரம்பு அங்கே நீக்கப்பட்டது. ஆனால் எல்லாருக்கும் கொடுக்க எல்லாக் கல்லூரியிடமும் பணம் இல்லை. கூடவே, வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் 20, 21 வயது வீரர்களும் அதே 28 இடத்துக்குப் போட்டி. கிஸ்ஸல் அப்படி மாறி வந்தவர்தான். இரண்டாம் டிவிஷனில் தொடங்கினால் முதல் டிவிஷன் கதவு சாத்திவிடாது என்பதற்கு அவரே சாட்சி.

படி 2: ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி எடுங்கள்

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை எல்லாரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். விளையாடும் தகுதியைச் சரிபார்க்கும் என்.சி.ஏ.ஏ.வின் எலிஜிபிலிட்டி சென்டர் பார்ப்பது 9 முதல் 12 வரை நான்கு வருடப் படிப்பை. பிளஸ் ஒன் மார்க் எங்கேயாவது கிடைத்துவிடும். ஒன்பதாவதுதான் காணாமல் போகும். அது பள்ளி கொடுக்கும் பிராக்ரஸ் கார்டு மட்டுமே, போர்டு சான்றிதழ் கிடையாது. பள்ளியை விட்டுப் போகுமுன்பே அலுவலகத்தில் சொல்லி, லெட்டர்ஹெட்டில் மதிப்பெண் பட்டியல் எழுதி முத்திரை குத்தி வாங்கிவையுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத காகிதத்துக்கு வரிக்கு வரி சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

கணக்கு இதுதான்: 16 கோர் பாடங்கள். அதாவது ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்றவை. முதல் டிவிஷனுக்கு இந்தப் பாடங்களில் 4க்கு 2.3 சராசரி, இரண்டாம் டிவிஷனுக்கு 2.2. உடற்கல்வி மதிப்பெண் இதில் சேராது. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வு விளையாடும் தகுதிக்குக் கட்டாயம் என்பதை 2023இல் எடுத்துவிட்டார்கள். அந்தந்தக் கல்லூரி தன் அட்மிஷனுக்குக் கேட்டால் எழுதத்தான் வேண்டும். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வும் அப்படியே.

அடுத்தது அமெச்சூர் சான்று, அதாவது காசுக்கு ஆடும் தொழில்முறை வீரர் அல்ல என்பதற்கான சான்று. எந்தக் கிளப்பில் ஆடினாய், பணம் வாங்கினாயா, ஒப்பந்தம் போட்டாயா, ஏஜென்ட் உண்டா என்று வருடம் வருடமாகக் கேட்பார்கள். மூன்றாம் டிவிஷனுக்குப் போகும் வெளிநாட்டு மாணவருக்கும் இது உண்டு. பயணச் செலவுக்குக் கிளப் கொடுத்த பணத்துக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் என்று எழுதிய எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளி முடித்த பிறகு வருடக்கணக்கில் லீக் ஆடிக்கொண்டிருந்தால் கல்லூரியில் ஆடக்கூடிய வருடங்கள் குறையலாம். இந்த விதிகள் சமீபத்தில் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே சேரப்போகும் வருடத்தின் விதியை அந்தக் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காகிதம் என்றால் அலட்சியம் வரும்போதெல்லாம் எனக்கு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் ஞாபகம் வரும். வாஷிங்டனில் உள்ள கறுப்பினத்தவரின் பல்கலைக்கழகம். டிரினிடாட்டைச் சேர்ந்த கோச் லிங்கன் பிலிப்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்து 1971இல் சாம்பியன் ஆக்கினார். பின்னர் சில வீரர்களின் தகுதியில் குறை சொல்லி என்.சி.ஏ.ஏ. அந்தப் பட்டத்தைப் பறித்தது. வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் இருந்த ஒரு விதியே செல்லாது என்று பிறகு நீதிமன்றம் சொன்னது. பட்டம் திரும்பவில்லை. 1974இல் அதே ஹோவர்ட் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 19 வெற்றியோடு மறுபடியும் கோப்பையை வென்றது. அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். அநியாயத்தை எதிர்க்கவும் கையில் காகிதம் வேண்டும்.

படி 3: ரோஸ்டர் பக்கத்தைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது, ஆனால் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டு இணையதளத்திலும் அணிப் பட்டியல் இருக்கும். அதுதான் ரோஸ்டர். எண், பெயர், ஆடும் இடம், உயரம், படிக்கும் வருடம், சொந்த ஊர், முன்பு ஆடிய கிளப் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதல் வருடம் ஃப்ரெஷ்மன், இரண்டாவது சோஃபமோர், மூன்றாவது ஜூனியர், நான்காவது சீனியர், மேற்படிப்பு என்றால் கிராஜுவேட். ரெட்ஷர்ட் என்று முன்னால் இருந்தால், அவர் ஒரு வருடம் ஆடாமல் சேமித்துவைத்திருக்கிறார் என்று பொருள்.

ஒரு நோட்டை எடுத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். உங்கள் இடத்தில் இப்போது எத்தனை பேர்? நீங்கள் போய்ச் சேரும் ஆகஸ்டில் அவர்களில் யார் யார் படிப்பை முடித்திருப்பார்கள்? சொந்த ஊர்ப் பத்தியில் வெளிநாடுகள் எத்தனை? உதாரணத்துக்கு, இரண்டு லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர்கள். ஒருவர் கிராஜுவேட், இன்னொருவர் ஜூனியர். நீங்கள் இரண்டு வருடம் கழித்துச் சேர்கிறீர்கள் என்றால் இருவருமே போயிருப்பார்கள். அந்தக் கோச்சுக்கு உங்கள் மெயில் வேண்டும். மாறாக, மூன்று ஃப்ரெஷ்மன் கோல்கீப்பர்கள் இருக்கும் அணிக்கு ஒரு கோல்கீப்பர் எழுதுவது வீண் வேலை. பட்டியல் முழுக்க ஒரே மாநிலத்துப் பிள்ளைகள் என்றால், அந்தக் கோச் வெளிநாட்டில் தேடிப் பழகாதவர். அங்கே நேரத்தைக் குறைத்துச் செலவிடலாம். வெளிநாட்டார் நிறைய இருந்தால் அந்த அலுவலகத்துக்கு விசா வேலை அத்துப்படி.

இப்படி 40 கல்லூரிகளைச் சலித்து எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு என்று வைத்தால் ஐந்து வாரம்.

படி 4: வீடியோ

மூன்று, நான்கு நிமிடம் போதும். பந்து வருவதற்கு முன்பே திரையை ஒரு நொடி நிறுத்தி உங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். பாட்டு வேண்டாம். கேமரா உயரத்திலிருந்து, நடுக்கோட்டுக்கு நேராக இருக்கட்டும். தரையில் நின்று எடுத்தால் மற்ற பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. கோச் பார்ப்பது அதைத்தான்.

அக்கா மகன் லெஃப்ட் பேக். முதல் வீடியோவில் அவன் அடித்த இரண்டு கோலை ஆசையாக முன்னால் வைத்தோம். பதிலே வரவில்லை என்றே சொல்லலாம். வந்த ஒன்றிரண்டில் ஒரு கோச் கேட்டார்: “பந்தை இழந்த பிறகு இவன் எப்படித் திரும்பி ஓடுகிறான் என்று காட்ட முடியுமா?” மறுபடி உட்கார்ந்து வெட்டினோம். ஓரமாகத் தாக்க வந்த விங்கரை அங்கேயே மடக்கி நிறுத்திய காட்சி முதலில், ஓடித் திரும்பி வந்து மறித்தது இரண்டாவது, ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் போட்டது மூன்றாவது. கோல்கள் கடைசியில். பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. கூடவே வெட்டாத இரண்டு முழு ஆட்டத்தின் லிங்க்கும் வையுங்கள். அதில் ஒன்று பலமான அணியோடு ஆடியதாக இருக்கட்டும், தோற்றிருந்தாலும் பரவாயில்லை.

படி 5: மெயில்

மெயிலின் தலைப்பு வரியிலேயே எல்லாம் இருக்க வேண்டும்: சேரும் மாதமும் வருடமும், ஆடும் இடம், எந்தக் கால், உயரம், மதிப்பெண், நாடு. உள்ளே ஐந்தாறு வரி. “உங்கள் அணியில் லெஃப்ட் பேக் இருவரும் 2026இல் படிப்பை முடிக்கிறார்கள் என்று பார்த்தேன்” என்று ஒரு வரி எழுதினால், இந்தப் பையன் எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பவில்லை என்று அவருக்கு விளங்கும். பிறகு வீடியோ, மதிப்பெண் பட்டியல், உங்கள் பயிற்சியாளரின் தொடர்பு, வருடத்துக்குக் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்பது. பணத்தைப் பற்றி முதல் மெயிலிலேயே எழுதக் கூச்சப்பட வேண்டாம். எழுதுவது மாணவராக இருக்கட்டும், அப்பா அம்மா வேண்டாம். தலைமைக் கோச்சோடு உதவிக் கோச்சுக்கும் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் மனம் உடைய வேண்டாம். முதல் டிவிஷன் கோச் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன்பு உங்களோடு தனிப்பட்ட முறையில் பேசக்கூடாது என்பதே விதி. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை சீசன், அவர் பஸ்ஸில் இருப்பார். டிசம்பரில் சீசன் முடிந்து, யார் போகிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி எழுதுங்கள். ஜனவரியில் சேர இடம் உண்டா என்றும் கேளுங்கள்.

படி 6: பணக்கணக்கு

“60 சதவீதம் தருகிறோம்” என்று கோச் சொன்னால் உடனே கேட்க வேண்டியது: எதில் 60 சதவீதம்? படிப்புக் கட்டணம் 30,000 டாலர், தங்குவது சாப்பாடு எல்லாம் சேர்த்து மொத்தம் 52,000 டாலர் என்று வையுங்கள். கட்டணத்தில் 60 என்றால் 18,000 கழிந்து உங்கள் பங்கு 34,000. மொத்தத்தில் 60 என்றால் 31,200 கழிந்து 20,800. ஒரே வார்த்தையில் வருடத்துக்கு 13,200 டாலர் வித்தியாசம்.

அடுத்த கேள்விகள்: மதிப்பெண் ஸ்காலர்ஷிப்பை இதோடு சேர்த்து வாங்கலாமா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? காயம்பட்டால், கோச் மாறினால் அடுத்த வருடம் என்ன ஆகும்? தங்குமிடம், சாப்பாட்டுக்கான ஸ்காலர்ஷிப் தொகைக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவரிடம் பொதுவாக 14 சதவீத வரி பிடிப்பார்கள். இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. வாய்ப்பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு கல்லூரியில் சேருவதாக உறுதி கொடுக்கும், முன்பிருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரோடு முடிந்தது. இப்போது உதவித்தொகை ஒப்பந்தம்தான் எல்லாம், கையெழுத்தான பிரதி கையில் இருக்க வேண்டும்.

ஏஜென்சி விஷயம். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் “கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் எங்களுக்கு” என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கட்டணம் வாங்குவது என்.சி.ஏ.ஏ. விதிக்கு விரோதம், பறிபோவது பிள்ளையின் தகுதி. இந்த நிபந்தனையைப் பெரிய சலுகைபோல எங்களிடம் ஒருவர் நீட்டினார். கையெழுத்துப் போடும் முந்தின நாள் இரவுதான் விதியைப் படித்தேன். இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

படி 7: ஐ-20யும் ஆகஸ்ட் மாதமும்

கோச் சரி என்றாலும் சேர்ப்பது அட்மிஷன் அலுவலகம்தான். அது முடிந்து, வங்கியில் பணம் இருப்பதைக் காட்டினால் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி அனுப்பும். பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பம், விசா கட்டணம் 185 டாலர், நேர்முகம். அதிகாரி கேட்டால் என்ன படிக்கப்போகிறாய் என்பதை முதலில் சொல்லப் பழகட்டும், விளையாட்டு அதற்குப் பிறகு. அங்கே போனபின் ஸ்பான்சர், விளம்பரம் என்று யார் வந்தாலும் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக்கூடாது. அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சரியானது எஃப்-1 விசாவில் வேலை செய்த குற்றமாகிவிடலாம்.

ஐ-20 வந்ததும் அதில் போட்டிருக்கும் தொடக்கத் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு 30 நாளுக்கு முன்புதான் நாட்டுக்குள் விடுவார்கள். வகுப்பு தொடங்குவதற்கு வெகு முன்பே, ஆகஸ்ட் முதல் வாரத்தில் அணியின் பயிற்சி தொடங்கிவிடலாம். தேதி செப்டம்பர் நடுவில் என்று இருந்தால், பயிற்சிக்கு முன் மாற்றித் தரச் சொல்லி அன்றே கோச்சுக்கும் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் மெயில் போடுங்கள். விமானத்தில் ஐ-20, ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை முடிவு இல்லாமல் பல கல்லூரிகளில் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். அதை ஊரிலேயே எடுத்து அந்தப் பையிலேயே வையுங்கள்.