சுங்கை சிப்புட்டில் முதல் இரண்டு நாள்கள்: தமிழகத்திலிருந்து வருபவர்களுக்கு

திருச்சி வெயிலைத் தாங்கிப் பழகிய உறவினர்கள், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் இருக்கும் பேராக் மாநிலத்தில் பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 பாகைதான் என்று கேட்டதும் கவலையை விட்டுவிடுகிறார்கள். முதல் நாளே அவர்கள் தளர்ந்துபோவது அதனால்தான். இங்கே காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் வியர்வை காய்வதில்லை. வியர்வை காயாமல் உடல் குளிர்வதும் இல்லை. சென்ற ஆண்டு என் மாமா குளிரூட்டிய ரயிலிலிருந்து நடைமேடையில் கால் வைத்த உடனே மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் படர்ந்துவிட, அவர் அதைத் துண்டால் துடைப்பதும் அது மறுபடி படர்வதுமாக அங்கேயே நின்றுவிட்டார். அன்றிரவு அறைக்குள் கொடியில் போட்ட அவருடைய சட்டை மறுநாள் காலையிலும் ஈரமாகவே தொங்கியது. ஆகவே மெல்லிய பருத்தி உடைகளை வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்து வாருங்கள்.

மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். மின்செருகி இங்கே பட்டையான மூன்று கால்கள் கொண்டது. அதற்கேற்ற இணைப்பான் ஒன்று தேவைப்படும். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். என்னும் மின்சார விரைவு ரயிலில் வரலாம். நீங்கள் ஏறும் வண்டி எங்கள் ஊரில் நிற்குமா என்று பயணச்சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நிற்காதென்றால் ஈப்போவில் இறங்கிச் சாலை வழியாக வந்து சேரலாம்.

வெயிலைவிடப் புதியவர்களை ஏமாற்றுவது கடிகாரம் என்பது என் கருத்து. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. இங்கே பொழுது விடியும் ஏழு மணி உங்கள் உடலுக்கு நாலரை மணிதான். ஊரில் ஆறு மணிக்கு எழுந்து பழகியவர் இங்கே எட்டரைக்குக் கண் விழித்து, குளித்துக் கிளம்புவதற்குள் குளிர்ந்த நேரம் முழுவதும் கழிந்துவிடுகிறது. பால்மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டுபவர்கள் இருட்டிலேயே தங்கள் மரவரிசையான நிரைக்குப் போனதும் இதை ஒட்டித்தான். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். இன்று பல தோட்டங்களில் ரப்பருக்குப் பதில் எண்ணெய்ப்பனையான செம்பனை நின்றாலும் விடியற்காலை வேலை என்னும் வழக்கம் மாறவில்லை. எனவே வந்த இரவே நேரத்தோடு படுத்து, மறுநாள் ஏழு மணிக்குச் சந்தைக்குப் போய்விடுங்கள். பதினொன்றுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

சந்தையில் உங்களைப் பார்ப்பவர்கள், “பசியாறிட்டீங்களா?” என்று விசாரிப்பார்கள். காலை உணவைத்தான் இங்கே பசியாறுதல் என்கிறோம். எவ்வளவு அழகான சொல் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். கடைக்காரர் “மூணு வெள்ளி” என்றால் மூன்று ரிங்கிட் என்று பொருள். மோட்டார் என்பது இருசக்கர வண்டி, காடி என்பது கார். தேநீர் கேட்டால் கெட்டிப்பால் ஊற்றி மிக இனிப்பாகத் தருவார்கள். பாலும் சீனியும் வேண்டாமென்றால் ‘தே ஓ கொசோங்’ என்று சொல்லுங்கள். ஆனால் தேநீரைத் தண்ணீருக்கு ஈடாகக் கொள்ளாமல், கொதிக்கவைத்து ஆறிய நீரைப் புட்டியில் எப்போதும் வைத்திருந்து, தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள்.

பிற்பகலில் வானம் திடீரெனக் கறுத்து இடியோடு மழை கொட்டுவது இங்கே வாடிக்கை. அப்போது குடை போதாது. மரத்தடியிலும் திடலிலும் நிற்காமல் ஐந்தடிக்குள் ஒதுங்குங்கள். கடைவரிசையின் முன்னால் கூரையோடு செல்லும் நடைபாதைக்கு அதுதான் பெயர்.

மழை விட்டபின் இருட்டுவதற்கு ஏழரை மணி ஆகும் என்பதால், பெரியவர்களோடு உட்கார்ந்து பேச அந்த மாலை நேரம் நல்லது. எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள் என்று கேளுங்கள். மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக அவர் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும். உங்கள் கிராமம் எது என்று அவர்களும் கேட்பார்கள். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் ஊர்ப் பெயரையே சொல்லுங்கள், அது அவர்களுடைய தாத்தா கப்பலேறிய ஊராகக்கூட இருக்கலாம்.