ஊருக்குப் போகும் டிசம்பரில் நூலகத்துக்கும் ஒரு நாள்

டொரொண்டோவில் இருந்து டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போகிற குடும்பங்களுக்குக் கையில் இருப்பது மொத்தம் இரண்டு வாரம். அதில் விமானத்திலும் தூக்கக் கலக்கத்திலும் மூன்று நாள் போய்விடும், மிச்சத்தைக் கோயில், கல்யாண வீடு, துணிக்கடை, நகைக்கடை, சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு என்று பெரியவர்கள் நாங்களே பங்கு போட்டுவிடுவோம். பிள்ளைகள் ஒரு வீட்டுச் சோபாவில் இருந்து இன்னொரு வீட்டுச் சோபாவுக்கு மாறி மாறி வைஃபை பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பயணம் அப்படித்தான் போனது. மூன்றாவது முறை, டிக்கெட் போடும்போதே சென்னையில் ஒரு நாளும் யாழ்ப்பாணத்தில் இரண்டு காலையும் நூலகத்துக்கு என்று எழுதி வைத்தோம். இதை அப்படிச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் போகாமல் இருந்துவிடாதீர்கள். டொரொண்டோவில் நூலகம் பிள்ளைகளுக்குப் பழகிய இடம்தான், அங்கே பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன, சில கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, ஆனால் அது ஒரு மூலையில் இரண்டு மூன்று தட்டு. என் மகனுக்கு அதுவரை தமிழ் என்றால் பெரியவர்கள் போனில் பேசுகிற மொழி. ஊரில் நூலகத்துக்குப் போனபோது தன் வயதுப் பையன் ஒருவன் தரையில் குப்புறக் கிடந்து டைனோசர் புத்தகத்தைத் தமிழில் வாய்விட்டுப் படிப்பதைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்தப் பையன் படித்தான், இவன் படத்தைக் காட்டி ஆங்கிலப் பெயரைச் சொன்னான். அரை மணி நேரம் நான் தலையிடவே இல்லை.

இதற்கு உள்ளூர்ப் பிள்ளைகளும் அங்கே இருக்க வேண்டும், அதனால் நாளைப் பார்த்துப் போங்கள். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடியும், ஜனவரி தொடக்கத்தில்தான் பள்ளி திறப்பார்கள், ஆகவே அந்தப் பத்து நாள் சரியான காலம். இலங்கையில் பாடசாலை விடுமுறை அண்மைய ஆண்டுகளில் முன்னும் பின்னுமாக நகர்கிறது, சொந்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத்தான் முதலில் சொல்வேன். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தார்கள். முதல் மாடி முழுக்கக் குழந்தைகளுக்கானது, நடுவில் பெரிய செயற்கை மரம் ஒன்று நிற்கும், சின்னப் பிள்ளைகள் அதைச் சுற்றியே உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டாம் மாடி தமிழ்ப் புத்தகங்கள். பிள்ளைகளை முதல் மாடியில் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் இரண்டாம் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள், அதுவும் உங்களுக்குக் கிடைக்கிற லீவுதான். கீழ்த்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவு இருக்கிறது, அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தமிழ் எழுத்தைப் புள்ளிகளாக விரலால் படிக்க முடியும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. வார இறுதிகளில் குழந்தைகளுக்குக் கதை சொல்லல், ஓவியம், கைவேலை என்று ஏதாவது நடக்கும். சனிக்கிழமை மாலை பெரியவர்களுக்குப் ‘பொன்மாலைப் பொழுது’ என்ற உரை நிகழ்ச்சி வழக்கம். என்ன நடக்கிறது என்று முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். போவதற்கு, மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கலாம், டிசம்பர் மழையில் ஆட்டோவைவிட அது நிம்மதி.

அன்றைக்கே மாலையில் திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகம் நடத்தும் புத்தகக் கட்டடத்துக்கும் போகலாம். கையால் செய்த தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் அடித்துத் தைத்த புத்தகங்கள் அங்கே இருக்கும். பக்கத்தை மோந்து பார்க்கச் சொல்லுங்கள், மை வாசம் இருக்கும். என் மகள் அன்று இரவே ஏ4 தாளை மடித்து எட்டுப் பக்கப் புத்தகம் செய்யத் தொடங்கிவிட்டாள்.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் வேறு மாதிரி. 1896 டிசம்பர் 5 அன்று திறந்தது, இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் ஒரு பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. சின்னப் பிள்ளைகள் இங்கே சீக்கிரம் களைத்துவிடுவார்கள், பத்து வயதுக்கு மேல் என்றால் கூட்டிப் போகலாம். அதே வளாகத்தில்தான் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது, அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிருங்கள்.

தெற்கே போகிறவர்களுக்கு மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலை 15 அன்று திறந்தது, குழந்தைகள் பகுதி விசாலமானது. தஞ்சாவூர் என்றால் அரண்மனைக்குள் இருக்கும் சரசுவதி மகால் நூலகம். அங்கே ஓலைச்சுவடிகள் உள்ள அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்தால் போதும், ஆனால் நின்று பாருங்கள், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகிற ஓலை வேலைக்கு அதுதான் முதல் பாடம். போகிற வழியில் பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொல்லலாம். 1931இல் மன்னார்குடிப் பக்கம் ஊர் ஊராக மாட்டு வண்டியில் புத்தகம் கொண்டு போனார்கள், வண்டியே நூலகம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் நூலக இயக்கத்தைத் தூக்கி நிறுத்திய சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் யாழ்ப்பாணத்திலும் வருவார்.

சென்னையில் இருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு இப்போது நேரடி விமானம் இருப்பதால் இரண்டு பக்கத்தையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது எளிது. சின்ன விமானம் என்பதால் பெட்டி எடை அளவு நெடுந்தூர விமானத்தைவிடக் குறைவு. டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சென்னையில் வாங்கும் புத்தகங்களைத் திரும்பி வரும்போது வாங்குவதே புத்தி.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு இரண்டு காலை வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் காலை அந்த இடத்தின் கதைக்கே போய்விடும். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை, எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் உள்ளே போங்கள். வாசலில் ‘பார்க்க வந்தோம்’ என்று சொல்லாமல் ‘பிள்ளைகளோடு இருந்து வாசிக்க வந்தோம், எந்த நேரம் வரலாம்’ என்று கேளுங்கள். பார்வையாளர்களை எல்லா நேரமும் எல்லாப் பகுதிக்கும் விடமாட்டார்கள், படிக்கிற மாணவர்களுக்கு இடைஞ்சல் ஆகும் என்பதால் அது நியாயம்தான்.

1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் இதன் விதை. பிறகு பெரிய கட்டடம் எழுப்ப நினைத்தபோது ஆலோசனை சொன்னவர் அதே ரங்கநாதன், வரைந்தவர் சென்னையில் இருந்து வந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன், 1959இல் திறந்தார்கள். 1981 மே 31 இரவு நூலகம் தீ வைத்து எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 புத்தகங்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் போயின. இப்போது நீங்கள் பார்ப்பது பிறகு மீண்டும் எழுப்பியது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று பலர் கேட்பார்கள். நான் என் மகளுக்கு எட்டு வயதில் சொன்னேன், உள்ளே போய் வாசிக்கிற பிள்ளைகளைப் பார்த்த பிறகு, வெளியே வந்து படியில் வைத்துச் சொன்னேன். வரிசை முக்கியம். எரிந்ததை முதலில் சொன்னால் பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள் பயத்தோடுதான் நுழையும். அவள் கேட்டது ஒரே கேள்வி: ‘அந்தப் புத்தகம் எல்லாம் வேறு எங்கேயாவது இருக்குமா?’ சிலது இருக்கும், சிலது இல்லை என்றேன். அந்தக் கேள்விக்காகத்தான் ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணையத் தளத்தை, 2005இல் தொடங்கியது, அன்று மாலை அவளுக்குத் திறந்து காட்டினேன். ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, பாடசாலை மலர் எல்லாம் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரையும் அம்மம்மா படித்த பாடசாலையின் பெயரையும் பயணத்துக்கு முன்பே அதில் தேடிப் பாருங்கள், பழைய மலர் ஏதாவது கிடைத்தால் இரண்டு பக்கம் அச்செடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். பிறகு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், கதை தானாக வரும். பிள்ளை போனில் பதிவு செய்யட்டும்.

இரண்டாம் காலைதான் வாசிப்புக்கு. ஒரு விளையாட்டு சொல்கிறேன், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பிடிக்கும்: தன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் புத்தகம் ஒன்று, தான் பிறந்த ஆண்டில் அச்சான புத்தகம் ஒன்று, அட்டையில் மிருகம் இருக்கும் புத்தகம் ஒன்று, தங்கள் ஊர்ப் பெயர் உள்ள ஒன்று, நான்கையும் தேடிக் கண்டுபிடித்து எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். மச்சான் மச்சாள் யாரையாவது கூட அனுப்பினால் எழுத்து தெரியாத பிரச்சினையும் தீரும்.

பெரிய நூலகத்தோடு நின்றுவிடாதீர்கள். யாழ்ப்பாணக் கிராமங்களில் சனசமூக நிலையத்தில் ஒரு வாசிகசாலை இருக்கும், ஒரு நீள மேசை, நாலைந்து பத்திரிகை, ஒரு அலுமாரி. தமிழ்நாட்டிலும் ஊர்ப்புற நூலகமும் கிளை நூலகமும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம், பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, மதியம் மூடிவிட்டு மாலையில் திறப்பார்கள். வருகைப் பதிவேட்டில் பிள்ளையே கையெழுத்துப் போடட்டும், தமிழில்.

அங்கே நீங்கள் ஏதாவது கொடுக்க நினைத்தால் வீட்டில் ஒதுக்கிய பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பெட்டி கட்டிக் கொண்டு போகாதீர்கள். நானே ஒருமுறை செய்தேன், அவை பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் கிடந்ததைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது, தப்பு என்னுடையது. நூலகரிடம் என்ன தேவை என்று கேட்டு உள்ளூர்க் கடையில் புதிதாக வாங்கிக் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலர் ஆகலாம், 5,000 என்றால் பெரும்புரவலர். தாத்தா பாட்டி பெயரில் செய்தால் அந்த ஊர்க்காரருக்கும் அது யார் என்று தெரியும்.

வாங்குவது பற்றி. சென்னைப் புத்தகக் காட்சி சில ஆண்டு டிசம்பர் கடைசியிலேயே தொடங்கும், சில ஆண்டு பொங்கலை ஒட்டி வரும், நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில், பத்து சதவீதம் தள்ளுபடி வழக்கம். பிள்ளைகளுக்கு தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் குழந்தை நூல்கள் இவற்றில் தொடங்குங்கள். யாழ்ப்பாணத்தில் பூபாலசிங்கம் புத்தகசாலை. ஒன்றைக் கவனியுங்கள், வயதைப் பார்த்து வாங்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளையின் தமிழ் ஆறு வயதுப் பிள்ளையின் அளவில் இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ளதைத்தான் வாங்க வேண்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தமிழ்நாட்டு வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பது நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும், அரசுப் பள்ளியில் படிக்கிற சொந்தப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனி ஓலை. மழை விடாமல் பெய்கிற ஒரு நாள் கட்டாயம் வரும், அதற்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். இளம் பனை ஓலையை அகலமாக நறுக்கி இரண்டு மூன்று நாள் நிழலில், கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துக் காய விடுங்கள். காம்பஸ் முள்ளால் பிள்ளை தன் பெயரைக் கீறட்டும், மெதுவாக, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கீறும்போது ஒன்றும் தெரியாது. விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மேலே பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வரும், அந்த நொடியில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும் என்பதால். என் மகனுக்கு அதைச் சொன்னதும், நம்பாமல் புள்ளி வைத்துப் பார்த்தான், கிழிந்தது, அதற்குப் பிறகு சுவடி எழுதியவர்கள்மேல் அவனுக்கு ஒரு மரியாதை.

கனடாவுக்கு அதைக் கொண்டு வருவதானால் நன்றாகக் காய்ந்த பிறகு கொண்டு வாருங்கள், தாவரப் பொருள் என்று விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். என் மகளின் ஓலையைச் சுங்க அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இது என்ன எழுத்து என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டி வாசித்தாள்.